அடியும் நடையும்

தமிழில் நடை என்னும் சொல் காலால் நடப்பதையும் குறிக்கும். எழுதுவோரின் மொழிப்போக்கையும் குறிக்கும். அடி என்பதும் அவ்வாறே பாதத்துக்கும் பாட்டின் வரிக்கும் பொதுப்பெயராய் நிற்கின்றது. இவ்விரு சொற்களின் இருபொருளும் ஒருவர் வாழ்க்கையில் பிரிக்க இயலாதபடி கலந்து கிடந்தன. அவர் ஆங்கிலப் பெருங்கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். அவருடைய பாட்டடிகளுட் பல, நடந்துகொண்டிருந்த கால்களின் அடிகளோடு பிறந்தவை.

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் மலைகளும் ஏரிகளும் நெருங்கிய நாடு ஒன்று உண்டு. அதனை ஏரி மாவட்டம் என்பர். அதன் எல்லையிலுள்ள காக்கர்மவுத் என்னும் சிற்றூரில் 1770-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் வேர்ட்ஸ்வொர்த் பிறந்தார். உடன்பிறந்தோர் நால்வர், அவர்களுள் டாரதி என்னும் தங்கை ஒருத்தியே பெண். எட்டு வயது நிரம்பும் முன்னரே அவர் தாயை இழந்தார். தந்தையார் ஜேம்ஸ் லவுதர் என்னும் பெருநிலக்கிழாரிடம் சட்டக் காரியங்களைக் கவனித்து வந்தவர். அவரும் 1783-ஆம் ஆண்டின் இறுதியில் காலமானார். அந்தப் பெருநிலக்கிழார் தந்தையாருக்குத் தரவேண்டிய பெருந்தொகை தரப்படாமலே நின்றது. குழந்தைகள் கேட்டனர், உறவினர் வழக்கும் தொடுத்தனர், பணம் வரவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் கழிந்து அந்த மனிதர் மறைந்த பின்னரே, 1802-இல், அவருடைய வாரிசு அக்கடனை வட்டியோடு தீர்த்தார். ஆகவே இளமைப் பருவம் முழுவதும் வில்லியமும் உடன்பிறந்தாரும் தாய்மாமன்மார் முதலிய உறவினர் கையை எதிர்பார்த்தே வாழ நேர்ந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை மதிப்பிடுவோர் இந்நிலைமையை மறத்தல் ஆகாது.

பள்ளிப்பருவம் ஹாக்ஸ்ஹெட் என்னும் ஊரிற் கழிந்தது. ஆன் டைசன் என்னும் முதிய அம்மையார் வீட்டில் மாணவர் தங்கிப் பயின்றனர். தாயற்ற பிள்ளைக்கு அவ்வம்மையார் தாயாகவே இருந்தார். அவ்வூரை அடுத்து எஸ்த்வெயிட் என்னும் ஏரி உள்ளது. பள்ளி தொடங்குவதோ காலை மிக முந்திய நேரம். அதற்கும் முன்னே எழுந்து, அவ்வேரியை ஒருமுறை சுற்றி, ஐந்து மைல் நடந்துவிட்டே வேர்ட்ஸ்வொர்த் வகுப்புக்குச் செல்வார். சில நாள் தோழர் ஒருவர் உடன் வருவார். பல நாள் தனிநடைதான். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிட்டால் இரும்புத் தகடு பொருத்திய காலணி பூண்டு பனிக்கட்டியின்மேல் இருள் கவியும்வரை சறுக்கி விளையாடுவார். யாரும் அவரை உடற்பயிற்சி செய்யுமாறு ஏவவில்லை. மலைநாட்டுச் சிறுவனுக்கு நடையும் ஓட்டமும் உணவைப் போல இயல்பாய் அமைந்துவிட்டன.

1787-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். மாமன்மார் செலவு செய்தனர். நன்றாகப் படித்துத் தேர்வில் உயர்வரிசை பெற்றால் அக்கல்லூரியிலேயே ஆய்வாளர் பதவி கிடைக்கும். அதனால் ஊதியமும் உறையுளும் உறுதியாகும். மாமன்மாருள் ஒருவர் அக்கல்லூரியில் அத்தகைய பதவி வகித்தவராதலின், வழி ஏறக்குறைய வகுக்கப்பட்டே இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்துக்கோ அங்குப் பெரிதும் மதிக்கப்பட்ட கணிதப் பாடத்தில் மனம் ஊன்றவில்லை.

முதலாண்டு முடிந்த கோடை விடுமுறைக்கு, 1788-இல், ஹாக்ஸ்ஹெட்டுக்கே திரும்பினார். அக்காலத்தில் அவரோடு நடைக்குத் துணை வந்தது டைசன் அம்மையார் வீட்டு நாய். இளைஞர் வழிநெடுகப் பாட்டடிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். நாய் முன்னே ஓடும். எதிரே யாரேனும் வருவது கண்டால் திரும்பி வந்து குரைத்து அறிவிக்கும். உடனே அவர் வாயை மூடி, நடையைத் தளர்த்தி, வருபவருக்கு வணக்கம் கூறும் முகத்தை அமைத்துக்கொள்வார். இல்லையேல் பித்தர் எனப் பெயர் எடுத்திருப்பார். இதனை அவரே பிற்காலத்தில் தம் பாட்டிற் பதிவு செய்துள்ளார்.

மூன்றாம் விடுமுறை 1790-இல் வந்தது. அடுத்த சனவரியில் இறுதித் தேர்வு. உயர்வரிசை நாடும் மாணவர் எவரும் அக்கோடையில் நூலை விட்டு நகரார். அவ்வேளையில்தான் வேர்ட்ஸ்வொர்த், உடன் பயின்ற ராபர்ட் ஜோன்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு நண்பரோடு சேர்ந்து, பிரான்சு நாட்டின் ஊடே நடந்து ஆல்ப்ஸ் மலைக்குச் செல்லத் துணிந்தார். மாமன்மாரிடம் சொல்லவில்லை. உயிருக்குயிரான தங்கையும் முன்னதாக அறியாள். செய்தி கேட்ட நண்பர் சிலர் இது பைத்தியக்காரத்தனம் என்றனர். தானும் முன்பே கேட்டிருந்தால் அவ்வாறே எண்ணியிருப்பேன் என்று டாரதி பின்னர் ஒரு மடலில் ஒப்புக்கொண்டாள்.

அந்நாளில் செல்வர் வீட்டு இளைஞர் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது வழக்கமே. ஆனால் அவர்கள் குதிரை வண்டியில், பணியாளும் ஆசிரியரும் புடைசூழச் செல்வர். நடந்து செல்பவன் ஏழை, கூடை வணிகன், அல்லது ஐயத்துக்கு உரியவன் என்பதே உலகத்தார் கருத்து. 1782-இல் இங்கிலாந்தில் நடந்தே பயணம் செய்த கார்ல் பிலிப் மோரிட்ஸ் என்னும் ஜெர்மானியர், தாம் நடந்து வந்த ஒரே காரணத்தால் விடுதிகளில் இழிவாக நடத்தப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார். அத்தகைய காலத்தில் கல்லூரி மாணவர் இருவர் தாமே விரும்பி நடந்தது புதுமையன்றோ!

ஆளுக்கு இருபது பவுன் கையிற் கொண்டனர். நடைக்கென்றே இலண்டனில் ஒரே துணியில் இலேசான சட்டை தைத்துக்கொண்டனர். கையில் ஆளுக்கொரு கருவாலிக் கோல். துணிமணிகளைச் சிறு மூட்டையாகக் கட்டி, நம் நாட்டு உழவர்போல், தலைமேல் வைத்து நடந்தனர். இக்கோலத்தைக் கண்ட சிற்றூர் மக்கள் சிரித்தனர். அவர்களும் உடன் சிரித்தனர்.

சூலை 13-ஆம் நாள் பிரான்சின் கலே துறையில் இறங்கினர். பாரிசில் பாஸ்டில் சிறை வீழ்ந்த ஓராண்டு நிறைவு விழா மறுநாள். நாடெங்கும் புரட்சி தந்த மகிழ்ச்சி பொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர்தோறும் வாயில்களிற் பூந்தோரணம். வழிதோறும் ஆடலும் பாடலும். வண்டியிற் சென்றிருந்தால் இவை சாளரத்தின் வழியே தோன்றி மறைந்திருக்கும். நடந்தவர்க்கோ மக்களோடு கைகோத்து ஆடும் வாய்ப்புக் கிட்டியது. ஆற்றுவழியே படகிற் சென்றபோது, பாரிசு விழாவிலிருந்து திரும்பிய ஊர்ப்பேராளர் கூட்டத்தோடு ஒன்றாக உண்டனர். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வரலாறு அறிந்த செய்தி.

விடியுமுன் எழுவர். காலை உணவுக்கு முன்னரே பன்னிரண்டு முதல் பதினைந்து மைல் கடந்துவிடுவர். உண்டு இளைப்பாறி மாலையிலும் நடப்பர். ஒரு நாளில் முப்பது மைலுக்குக் குறையாது நடந்த நாட்களும் பல. கிராண்ட் சார்த்ரூஸ் என்னும் மலைமடத்தில் துறவியரிடையே இரு நாள் தங்கினர். ஜெனீவா ஏரியைக் கண்டு, மான் பிளாங் சிகரத்தின் அடியிலுள்ள ஷமொனி பள்ளத்தாக்கை அடைந்து, ஆகஸ்டு மாதத்து நடுவில் சிம்ப்ளான் கணவாயை நோக்கி ஏறினர்.

அங்கே நிகழ்ந்தது வேடிக்கை. கோவேறு கழுதைக்காரர் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து ஏறிய இருவரும் மலைவிடுதியில் உணவு கொண்டனர். கழுதைக்காரர் முன்னே புறப்பட்டுவிட்டனர். சற்றுத் தாழ்த்துப் புறப்பட்ட நண்பர்கள் ஓர் ஓடைக்கரையை அடைந்தனர். வழி அங்கே அறுந்ததுபோல் தோன்றியது. எதிர்க்கரையில் மலைமேல் ஏறும் பாதை ஒன்று கண்ணுக்குப் பட்டது. உச்சியைக் காணும் ஆசை உந்த, அவ்வழியே ஏறினர், ஏறிக்கொண்டே இருந்தனர். முன்சென்றோரைக் காணவில்லை. எதிர்ப்பட்ட குடியானவன் ஒருவனை வினவினர். ஓடையருகே திரும்பிச் சென்று நீரோட்டத்தின் வழியே இறங்கவேண்டும் என்றான் அவன். இறங்குவதா? இன்னும் மலையைக் கடக்கவில்லையே! திரும்பத் திரும்பக் கேட்டனர். விடை மாறவில்லை. அவர்கள் அறியாமலே ஆல்ப்ஸ் மலையைக் கடந்துவிட்டிருந்தனர். பல நாளாய் நெஞ்சில் வளர்த்த பெருங்கணம் எப்போது வந்து எப்போது போயிற்று என்றே தெரியாமற் போயிற்று. மனம் சோர்ந்து இறங்கினர். இறங்கிய வழியோ இருபுறமும் பாறை செங்குத்தாய் நிற்க, இடையே வெள்ளாறு முழங்கும் கொண்டோ மலைப்பிளவு. எதிர்பார்த்த இடத்திற் கிடைக்காத வியப்பு எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. அன்றிரவு தங்கிய இடத்தில் நீர்முழக்கத்தால் உறக்கம் வரவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழிந்து அந்நிகழ்ச்சியை அவர் பாடினார். அப்பகுதி ஆங்கிலக் கவிதையின் மணிமுடிகளுள் ஒன்றாக இன்றும் கற்கப்படுகின்றது.

இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மற்றோர் இடர். அந்நாட்டு மணிக்கூண்டு நேரத்தை ஒலித்து அறிவிக்கும் முறை அவர்களுக்குத் தெரியாது. நள்ளிரவு கடந்து ஒலித்த மணியை விடியற்காலை எனக் கொண்டு புறப்பட்டுக் காட்டில் வழிதவறினர். பூச்சிகள் கடிக்கப் பாறைமேல் அமர்ந்து விடியும்வரை காத்திருந்தனர். பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் ஏரிகளைச் சுற்றி, பாசல் நகரில் ஒரு படகை வாங்கி ரைன் ஆற்றில் இறங்கி, அக்டோபரில் தாயகம் மீண்டனர். அதற்குள் அவர்கள் கால்கள் ஆயிரம் மைலுக்கும் மிகுந்த வழியை அளந்திருந்தன.

அதற்குரிய விலையையும் கொடுத்தார். 1791 சனவரித் தேர்வில் உயர்வரிசை இல்லாத வெறும் பட்டமே கிடைத்தது. ஆய்வாளர் பதவி கைநழுவியது. மாமன்மார் வெகுண்டனர். நான்கைந்து ஆண்டுகள் நிலையான வேலையின்றி அலைந்தார். உறவினர் சினம் நியாயமற்றது என்று கூறிவிட முடியாது. தாமும் கல்லூரிக் கல்வியைப் புறக்கணித்ததை அவர் மறைக்கவில்லை. எனினும் அந்த மூன்று மாதம் இல்லையேல் வேர்ட்ஸ்வொர்த் என்னும் கவிஞர் வேறொருவராய் இருந்திருப்பார் என்பதும் உண்மை. 1793-இல் வெளியிட்ட ஆல்ப்ஸ் பற்றிய பாட்டு நூலை அவர் ஜோன்சுக்கே உரிமையாக்கினார். அந்நட்பு இறுதிவரை தளரவில்லை. இருவரும் 1791 கோடையில் வேல்ஸ் நாட்டு ஸ்னோடன் மலையில் கதிரவன் எழுவதைக் காண நள்ளிரவில் ஏறினர். மூடுபனியைத் துளைத்து மேலே வந்ததும், காலடியிற் கடல்போல் பரந்த பனிமேல் நிலவு காய்ந்தது. காணச் சென்றது கதிரவனை, கண்டது நிலவை. நடப்பவர்க்கு இவ்வாறு நேர்வது உண்டு.

தங்கை டாரதியும் நடையில் தமையனுக்குக் குறைந்தவள் அல்லள். 1794-இல் இருவரும் கெண்டால் நகரிலிருந்து கிராஸ்மியர் வரை பதினெட்டு மைலும், அங்கிருந்து கெசிக் வரை பதினைந்து மைலும் நடந்தனர். இளம்பெண் ஊரூராய்க் கால்நடையாகத் திரிவதா என்று உறவினளான மூதாட்டி ஒருத்தி கடிந்து எழுதினாள். இயற்கை தந்த வலிமையைப் பயன்படுத்துவது குற்றமாகாது, வண்டிக்கூலியும் மிச்சமாயிற்று என்னும் கருத்தில் டாரதி பணிவோடும் உறுதியோடும் விடை எழுதினாள். அவ்விடை இன்றும் படிக்கத்தக்கது.

1795-இல் இறந்த இளநண்பர் ரெய்ஸ்லி கால்வர்ட், வேர்ட்ஸ்வொர்த் கவிதைக்கே வாழவேண்டுமெனக் கருதி 900 பவுன் விட்டுச்சென்றார். அதனால் வறுமை சற்றே நீங்கியது. இரண்டாண்டில் தென்மேற்கு இங்கிலாந்தில் ஆல்ஃபாக்ஸ்டன் என்னும் இல்லத்தில் அண்ணனும் தங்கையும் குடியேற, கவிஞர் கோல்ரிட்ஜ் அண்டை வீட்டாரானார். மூவரும் பகலென்றும் இரவென்றும் பாராது குன்றுகளிலும் கடற்கரையிலும் நடந்தனர். பிரான்சோடு போர் நடந்த காலம் அது. நிலவொளியில் சுவடியோடு திரிவோர் பகைநாட்டு ஒற்றராய் இருத்தல் கூடுமென யாரோ ஐயுற்றுச் சொல்ல, அரசு உளவு அறிய ஆளனுப்பியது! வந்தவர் கண்டது கவிஞரை. ஆயினும் வீட்டுக் குத்தகை நீட்டிக்கப்படவில்லை. இந்நடைகளின் பயனாக இருவரும் சேர்ந்து 1798-இல் வெளியிட்ட பாட்டுத்தொகுதி ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியது. அதன் இறுதியிலுள்ள டின்டர்ன் மடம் பற்றிய பாட்டு, அவ்வாண்டுச் சூலையில் வை ஆற்றங்கரையில் நடந்த நான்கைந்து நாளில் மனத்திலேயே அமைந்தது. பிரிஸ்டல் நகரை அடையும்வரை அதில் ஒரு வரியும் தாளில் எழுதப்படவில்லை.

1799-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடுங்குளிரில் அண்ணனும் தங்கையும் மலைவழியே நடந்து கிராஸ்மியர் ஊரில் புதுக்குடி புகுந்தனர். உறைந்த பாதையில் பத்து மைலை இரண்டேகால் மணியிற் கடந்ததாகக் கடிகாரம் பார்த்துக் குறித்திருக்கிறார் வேர்ட்ஸ்வொர்த். இஃது ஓட்டத்துக்கு அண்ணிய நடை. 1802-இல் இளமைத் தோழி மேரி ஹட்சின்சனை மணந்து அங்கேயே இல்லறம் நடத்தினார்.

அவருக்கு எழுதுகோல் பிடித்து எழுதுவது உடலுக்கு ஒவ்வாதது. சிறிது நேரம் எழுதினாலும் விலாவிலும் தலையிலும் வலி தோன்றும். ஆதலின் தோட்டத்துப் பாதையிலோ மரநிழலிலோ முன்னும் பின்னுமாக நடந்து வரிகளை அமைப்பார். மனைவியோ தங்கையோ எழுதிக்கொள்வர். மழை நாளிலும் குடை பிடித்து ஒதுக்கிடம் ஒன்றைத் தேர்ந்து, சிறைச்சுவருக்குள் அடைபட்டவர்போல் அந்த எல்லைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார் என டாரதி எழுதுகிறாள். அவருடைய படிப்பறையைக் காணவந்த ஒருவருக்கு, நூல்கள் இருக்கும் அறை இது, ஐயாவின் படிப்பறையோ வெளியே உள்ளது என்று பணிப்பெண் விடையளித்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது.

நெடுங்காலம் அவரை அறிந்த எழுத்தாளர் டி குவின்சி, அவருடைய கால்கள் பார்வைக்கு அழகற்றவை என்று குறும்பாக எழுதியவர். ஆனால் அக்கால்கள் 1,75,000 மைலுக்குக் குறையாமல் நடந்திருக்கும் என்று கணக்கிட்டவரும் அவரே. உலகை ஏழுமுறை சுற்றிய தொலைவு அது. கணக்கு மிகை என்பாரும் உளர். ஒரு பாதி கொண்டாலும் வியப்புக் குறையாது.

துயரங்கள் வாராமல் இல்லை. 1805-இல் கப்பல் தலைவரான தம்பி ஜான் கடலில் மூழ்கி இறந்தார். 1812-இல் ஓராண்டுக்குள் இரு குழந்தைகள் மறைந்தனர். அவ்வீட்டருகே இருக்க மனம் பொறாமல் அடுத்த ஆண்டு ரைடல் மவுண்ட் என்னும் இல்லத்துக்குக் குடும்பம் மாறியது. அத்துயரின் நடுவிலும் நடை நிற்கவில்லை. ஏரி நாட்டைப் பற்றி அவர் எழுதிய வழிகாட்டி நூல் பல பதிப்புக் கண்டது. இங்கிலாந்தின் மிக உயர்ந்த ஸ்காஃபெல் சிகரத்தின்மேல் டாரதி 1818-இல் ஏறி எழுதிய வரலாறு, அவள் பெயர் இன்றியே அந்நூலிற் சேர்க்கப்பட்டது. இது அண்ணன் செய்த குறையே. அம்மலைநாடு காணும் கண்ணும் மகிழும் உள்ளமும் உடையார் அனைவர்க்கும் உரிய நாட்டுச் சொத்து என்னும் கருத்தை அந்நூல் கூறிற்று. ஆனால் 1844-இல் அங்கே இருப்புப்பாதை வருவதை எதிர்த்தவரும் அவரே. ஏழைத் தொழிலாளர் வருவதை அவர் விரும்பவில்லை எனப் பலர் குறைகூறினர். அக்குறையை முழுதும் மறுத்தற்கில்லை. 1847-இல் புகைவண்டி வந்தது. 1951-இல் அந்நிலப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

1820-இல் மனைவியோடும் தங்கையோடும் மீண்டும் ஆல்ப்ஸ் சென்றார். முப்பதாண்டுக்கு முன் தம்மை வழிதவறச் செய்த அந்தப் பாதையைச் சிம்ப்ளானில் கண்டுபிடித்து, உள்ளம் நெகிழ்ந்து நின்றார். 1840-இல், எழுபதாம் வயதில், 950 மீட்டர் உயரமான ஹெல்வெலின் மலைமேல் ஏறினார். 1843-இல் அரசவைக் கவிஞர் ஆனார். அதற்கும் முன்னரே டாரதி நோயால் உடலும் நினைவும் தளர்ந்திருந்தாள். மலைகளைத் தாண்டிய கால்கள் சக்கர நாற்காலியில் ஓய்ந்தன. தமையனார் இறுதிவரை அவளைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்தார்.

1850 மார்ச்சு மாதம் குளிர்ந்த மாலைப்பொழுதில் வழக்கம்போல் நடக்கச் சென்றவர்க்குச் சளி பிடித்து, நெஞ்சுக்கூட்டு அழற்சியாய் முதிர்ந்தது. ஏப்ரல் 23-ஆம் நாள் உயிர் நீத்தார். கிராஸ்மியர் கோயில் முற்றத்தில் அடக்கம் செய்தனர். வாழ்நாளெல்லாம் திருத்தித் திருத்தி வெளியிடாமலே வைத்திருந்த தன்வரலாற்று நெடும்பாட்டை, அவ்வாண்டே மேரி அம்மையார் பெயரிட்டு அச்சேற்றினார். அதன் ஆறாம் பகுதியில் இரு மாணவர் தலையில் மூட்டையோடு இன்றும் நடந்துகொண்டிருக்கின்றனர்.